கரும்பு முற்றும் காலம்

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தீவுக்கு மேற்கே, ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்தை ஒட்டி இருக்கிற ஊர் பாலஹள்ளி. 1847-இல் அங்கே அஷ்டகிராம் சர்க்கரை ஆலை தொடங்கப்பட்டது. சுற்றுவட்டாரக் குடியானவர்கள் காய்ச்சிய வெல்லத்தை விலைக்கு வாங்கி, சுத்தம் செய்து, வெள்ளைப் படிகமாக்குவது அதன் வேலை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அந்தச் சர்க்கரை பரிசு வாங்கியது. பரிசு ஆலைக்குப் போனது சரிதான். ஆனால் எந்த ஆலையாலும் சர்க்கரையை உண்டாக்க முடியாது. கரும்பில் இருப்பதைப் பிழிந்து பிரிக்கலாம், பிரிக்கும்போது கொஞ்சம் இழக்கலாம், அவ்வளவே. சர்க்கரை உண்டாவது வயலில். அதிலும் பெரும்பங்கு தண்டில் சேர்ந்து தங்குவது பயிரின் கடைசி மூன்று நான்கு மாதங்களில். அந்தக் கடைசி மாதங்களில் கரும்புக்கு என்ன கொடுப்பது, எதை நிறுத்துவது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள்.

இந்த மண்ணுக்குக் கரும்பு புதிதில்லை. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், பிரான்சிஸ் புக்கனன் என்ற மருத்துவர் மைசூர் நாட்டின் வேளாண்மையைக் கணக்கெடுக்க இங்கே வந்தார். இந்தப் பகுதியின் கரும்பு வகைகளாக அவர் குறித்தவை ரஸ்தாளியும் பட்டாபட்டியும். ரஸ்தாளி உள்ளூர்க் கரும்பு. பட்டாபட்டி ஹைதர் காலத்தில் ஆற்காட்டிலிருந்து வந்தது. அந்த வயல்களுக்குத் தண்ணீர் தந்தவை மைசூர் உடையார்கள் காலத்தில் காவிரியிலிருந்து வெட்டிய கால்வாய்கள். சிக்கதேவராஜ கால்வாயும் பங்காரதொட்டி நாலையும் இன்றும் ஓடுகின்றன. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜ சாகர் அணை எழுந்து விஸ்வேஸ்வரய்யா கால்வாய் திறந்த பிறகு, மண்டியாவின் மானாவாரி மேடுகளுக்கும் கரும்பு ஏறியது. வேளாண் துறை இயக்குநராக இருந்த கனடாக்காரர் லெஸ்லி கோல்மனின் முயற்சியால் 1933-இல் மண்டியாவில் மைசூர் சர்க்கரைக் கம்பெனி பிறந்தது. இன்று இந்த வட்டாரத்தில் நிற்கும் கரும்பில் பெரும்பகுதி கோயம்புத்தூரில் பிறந்த கோ 86032, கோ 62175 ஆகியவையும், மண்டியா வி.சி. பண்ணை தந்த வி.சி.எஃப் 0517-உம்தான்.

கரணை நட்டு ஒன்றரை மாதம் முளைப்பு. நான்காம் மாதம்வரை தூர் கட்டும் பருவம். அங்கிருந்து ஒன்பதாம் மாதம்வரை கரும்பு கண்ணெதிரே வளரும். அதன் பிறகு வயலில் எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். உயரம் கூடாது, புதுத் தூர் வராது, கீழ்ச்சோகை காய்ந்துகொண்டே போகும், பச்சை கொஞ்சம் வெளிறும். பயிர் இளைக்கிறது என்று விவசாயிக்கு மனசு கேட்காது. ஒரு மூட்டை யூரியாவை வீசி, வாய்க்காலைத் திறந்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். கரும்பு வாழ்வில் மிக முக்கியமான வேலை நடப்பது சரியாக அப்போதுதான்.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடைப்பட்ட தண்டுத் துண்டைப் பார்த்தால் போதும். இலை வெயிலில் சுக்ரோஸைத் தயாரித்துக் கீழே அனுப்புகிறது. கரும்பு இலை இந்த வேலையில் அசாத்தியமானது. காற்றிலிருந்து எடுத்த கார்பனை முதலில் நான்கு கார்பன் கொண்ட அமிலமாகப் பிடித்துவைக்கும் தனி வழி அதற்கு உண்டு. கோர்ட்ஷாக், கான்ஸ்டன்ஸ் ஹார்ட், பர் ஆகிய மூவரும் ஹவாய் தோட்டக்காரர்களின் ஆய்வுக்கூடத்தில் கரும்பு இலையை வைத்துத்தான் அதைக் கண்டு 1965-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே பிரிஸ்பேனில் ஹாட்சும் ஸ்லாக்கும் அந்த வழியை வரைந்து காட்டினார்கள். இப்படி வந்த சுக்ரோஸ் இளந்தண்டுக்குள் இறங்கியதும் அங்கே இன்வர்டேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. அது சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். உடைந்த சர்க்கரையை இளந்தண்டு நீள்வதற்கும், நார் கட்டுவதற்கும், மூச்சுவிடுவதற்கும் செலவழிக்கும். நீள்வது நின்றதும் அந்த நொதியின் அளவு இறங்கும். அதன் பிறகு வருகிற சுக்ரோஸ் உடையாமல் செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையில் போய்ச் சேர்ந்து தங்கும்.

ஆக வளர்ச்சியும் இனிப்பும் ஒரே வருமானத்தைப் பங்குபோடும் இரண்டு செலவுகள். தண்டு நீண்டுகொண்டே இருக்கும்வரை இலை எவ்வளவு சம்பாதித்தாலும் சேமிப்பு தேறாது. கரும்பு கீழிருந்து மேலாக முற்றுவதற்கும் இதுவே காரணம். அடிக்கணுக்கள் எப்போதோ நீண்டு முடிந்தவை, நுனிக்கணுக்கள் இன்னும் நீள்பவை. பொங்கலுக்குக் கரும்பு கடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. கற்றறிந்தவர் நட்பு நுனியிலிருந்து கரும்பு தின்பதுபோல என்று நாலடியார் சொன்னதற்கு அடிப்படையும் இதே நொதிதான். எந்தக் கணுவின் சோகை காய்ந்துவிட்டதோ அந்தக் கணுவில் சர்க்கரை ஏறக்குறைய நிறைந்துவிட்டது என்று கொள்ளலாம். காய்ந்த சோகையை நோயின் அறிகுறியாகப் பார்க்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் தழைச்சத்தின் பங்கைச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நடவுக் கரும்புக்கு எக்டருக்கு 275 கிலோ தழைச்சத்து பரிந்துரைக்கிறது. அதை 30, 60, 90-ஆம் நாட்களில் மூன்றாகப் பிரித்துப் போடச் சொல்கிறது. சொட்டுநீரில் உரம் கொடுப்பவர்களுக்கு இந்தக் காலம் இன்னும் கொஞ்சம் நீளும். சாதாரணப் பாசனத்தில் நான்காம் மாதம் மண் அணைத்து முடித்தால் யூரியாவின் கதை முடிந்தது. மீதி எட்டு மாதமும் பயிர் ஏற்கெனவே தின்றதைக் கொண்டே நடக்க வேண்டும். அது நடக்கும். கீழ் இலைகளில் இருந்த தழைச்சத்தை மேல் இலைகளுக்கு மாற்றிக்கொண்டு நடக்கும். வெளிறுவதும் காய்வதும் அந்த மாற்றத்தின் வெளித்தோற்றம்.

ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு யூரியா போட்டால் என்ன ஆகும்? பச்சை திரும்பும். பார்க்க அழகாக இருக்கும். தண்டு மறுபடி நீளத் தொடங்கும், இன்வர்டேஸ் மறுபடி வேலைக்கு வரும், சேர்ந்த சுக்ரோஸில் ஒரு பகுதி உடைபடும். அடியிலிருந்து கொழுகொழுவென்று போத்துகள் கிளம்பும். பருத்து நிற்கும் அந்தப் போத்துகளில் தண்ணீரைத் தவிர அதிகம் எதுவும் இருக்காது. மேல்பாரம் கூடி, காற்றடித்தால் கரும்பு சாயும். சாய்ந்த கரும்பில் எலி புகும், வேர் இறங்கும், கணுக்கள் முளைக்கும். சாற்றிலோ அமினோ அமிலங்கள் கூடும். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது அவை குளுக்கோஸோடு சேர்ந்து கறுப்பு நிறத்தைக் கொடுக்கும். கறுத்த வெல்லத்துக்கு விலை இல்லை என்பதால் வெளுக்க வைக்க ஹைட்ரோஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டை அள்ளிப் போடுகிறார்கள். வயலில் தேவையில்லாமல் போட்ட ஒரு மூட்டை, தின்பவர் வயிற்றில் இன்னொரு ரசாயனமாக முடிகிறது. 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு வைத்திருக்கும் விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் நீங்கலாக, 242 ரூபாய். இவ்வளவு மலிவான பொருளை நிறுத்திவைக்கச் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாம்பல் சத்து வேறு குணம் கொண்டது. இலையில் உண்டான சர்க்கரை தண்டுக்கு இறங்க அது தேவை. இதுவும் தழைச்சத்தோடு முதல் மாதங்களிலேயே போய்ச் சேர வேண்டியது. தேவைக்கு மேல் போனால் சாற்றில் உப்பாகத் தங்கிப் படிகம் கட்டுவதைக் கெடுக்கும். உவர் நிலத்துக் கரும்பிலும் உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பிலும் காய்ச்சிய வெல்லம் கரிப்பதும், மழைக்காலத்தில் நீர்விட்டுக் கசிவதும் குளோரைடால்.

தண்ணீர் விஷயம் தழைச்சத்தைவிட நுட்பமானது. செடிக்கு இலேசாகத் தண்ணீர் குறைந்தால் முதலில் நிற்பது நீள்வது. ஒளிச்சேர்க்கை அதற்குப் பிறகும் வெகுநாள் தொடரும். இந்த இடைவெளிதான் கரும்பு விவசாயியின் லாபம். இலை சம்பாதிக்கிறது, தண்டு செலவழிக்கவில்லை. மிச்சம் முழுதும் சுக்ரோஸ். குளிர்ந்த இரவும் இதே வேலையைச் செய்கிறது. மைசூர் வட்டாரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 16, 17 டிகிரிக்கு இறங்கும். பகலில் வானம் தெளிந்து வெயில் காயும். வளர்ச்சிக்குப் போதாத இரவு, சம்பாத்தியத்துக்குத் தாராளமான பகல். இதைவிடப் பொருத்தமான முதிர்ச்சிக் காலத்தைக் கேட்டு வாங்க முடியாது.

தண்ணீரை எவ்வளவு குறைப்பது? ஒரேயடியாக நிறுத்தினால் இலை சுருண்டு ஒளிச்சேர்க்கையும் நின்றுபோகும். தண்டுக்குள் நெட்டி பாயும். பாசன இடைவெளியைப் படிப்படியாக விரித்து, வெட்டுக்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள் தண்ணீரே காட்டாமல் விடுவது நடைமுறை. இதை அளந்து செய்தவர் ஹவாய் பல்கலைக்கழகத்துச் செடியியலாளர் ஹாரி கிளெமெண்ட்ஸ். நுனியிலிருந்து எண்ணி மூன்று முதல் ஆறு வரையிலான இலைகளின் உறைகளை எடுத்து, எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டு ஈரத்தைக் கணக்கிட்டார். வளரும் பயிரில் எண்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிற அந்த ஈரத்தை, வெட்டு நாளுக்குள் எழுபதைச் சற்றே தாண்டிய அளவுக்கு மெல்ல இறக்கிக் கொண்டுவருவதுதான் அவர் முறை. பயிருக்கு நாடி பிடித்துப் பார்ப்பதுபோல வாரக்கணக்கில் குறித்துக்கொண்டே வருவார்கள்.

இதை அப்படியே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்ய முடியுமா என்று கேட்டால் பதில் சிக்கலானது. இங்கே கரும்பும் நெல்லும் பக்கத்துப் பக்கத்து வயல். மேல் வயலில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டினால் கீழ் வயல் கரும்பின் வேர்மண் காயவே காயாது. வாய்க்காலை அடைத்தாலும் வரப்பு வழியாக ஊறும். இன்னொன்று, கால்வாய்த் தண்ணீர் முறைவைத்து வருகிறது. அடுத்த முறை எப்போது, வருமா வராதா என்பது அணையின் மட்டத்தையும் மேற்கே குடகில் பெய்கிற மழையையும் பொறுத்தது. நிச்சயமில்லாத தண்ணீரைக் கண்ட விவசாயி, பயிருக்கு வேண்டுமோ வேண்டாமோ, பாய்ச்சிவிடத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கடைசி இரண்டு மாதம் கரும்புக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பதும், குறைத்தால் சர்க்கரை ஏறும் என்பதும் காவிரியின் இரு பக்கத்து மக்களுக்கும் ஆதாயமான செய்தி. கால்வாய் அட்டவணையைக் கரும்பின் முதிர்ச்சியோடு பொருத்தி, முன்கூட்டி எழுதிப் போட்டால் அந்த ஆதாயம் கைக்கு வரும். இதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

பூப்பதைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். செவ்வந்தி, சம்பா நெல், கஞ்சா எல்லாம் பகல் சுருங்குவதை உணர்ந்து பூக்கிற செடிகள். கரும்பும் அந்த இனத்தைச் சேர்ந்தது. பகல் பன்னிரண்டரை மணி அளவுக்கு மெதுவாகக் குறைந்து வரும் நாட்களில், இரவு அதிகம் குளிராமலும் பகல் அதிகம் கொதிக்காமலும் ஈரமும் இருந்தால், நுனிக்குருத்து இலை போடுவதை விட்டுப் பூங்கதிருக்கு மாறும். நம் அட்சரேகையில் ஆகஸ்டை ஒட்டி அந்த முடிவு எடுக்கப்படுகிறது. வெள்ளிக் குஞ்சம்போல் கதிர் வெளியே தெரிய அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். மற்ற பயிர்களில் பூ வந்தால் மகிழ்ச்சி. கரும்பில் அது இரண்டு பக்கமும் வெட்டும். குருத்து முடிந்ததால் தண்டு மேலும் நீளாது. ஆகவே முதல் ஒன்றிரண்டு மாதம் சர்க்கரை நன்றாகவே ஏறும். அதற்குள் வெட்டிவிட்டால் நட்டமில்லை. விட்டுவிட்டால் மேல்கணுக்களில் நெட்டி பாயும், பக்கக் கணுக்கள் முளைக்கும், சேர்த்த சர்க்கரையை முளைகள் தின்னும். பூத்த வயலை முதலில் வெட்ட வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது சரியான உடலியல்.

இந்தப் பூதான் இந்தியக் கரும்பின் வரலாற்றையே எழுதியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வட இந்தியாவில் கரும்பு சரிவரப் பூத்து விதை கட்டுவதில்லை. கோயம்புத்தூரில் தாராளமாகப் பூக்கும். 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நிலையத்தில் பார்பரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கட்ராமனும் வெள்ளை என்ற தடிக்கரும்பையும் காட்டில் விளையும் பேய்க்கரும்பையும் கலந்து உண்டாக்கிய கோ 205, 1918-இல் வட இந்திய வயல்களுக்குப் போனது. நாட்டின் பல மாநிலங்களுக்கான கலப்புகள் இன்றும் கோயம்புத்தூரின் பூக்களிலிருந்தே தொடங்குகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணத்து விவசாயி தலைவலியாகப் பார்க்கும் கதிர், இருநூறு கிலோமீட்டருக்குள் ஓர் ஆய்வாளரின் முதல்.

முற்றிவிட்டதா என்று அறிய அதிகம் செலவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று இருந்தால், தண்டில் ஊசியால் குத்தி ஒரு சொட்டுச் சாறு எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, சாற்றில் கரைந்திருப்பதன் சதவீதமான பிரிக்ஸ் அளவைப் படிக்கலாம். அடிக்கணுவில் ஒன்று, மேல்கணுவில் ஒன்று. மேல் அளவை அடி அளவால் வகுத்தால் ஒன்றை நெருங்க வேண்டும். இரண்டும் 18-க்கு மேல் இருந்தால் வெட்டலாம். மேல் அளவு அடியை மிஞ்சினால் கரும்பு கடந்துவிட்டது, அடியில் சர்க்கரை உடையத் தொடங்கிவிட்டது. குருத்தின் வளர்ச்சியை நிறுத்த ரசாயனம் தெளிக்கும் முறையும் வெளிநாடுகளில் உண்டு. மிகக் குறைந்த அளவு கிளைஃபோசேட் அதில் பழையது. டிசம்பர் இரவே இலவசமாகச் செய்து தரும் வேலைக்கு நம் ஊரில் களைக்கொல்லி வேண்டாம் என்பது என் கட்சி. வெட்டிய பிறகும் கடிகாரம் நிற்பதில்லை. வெட்டுவாயில் நுண்ணுயிரிகள் புகுந்து, உள்ளே இன்வர்டேஸ் விழித்து, சுக்ரோஸ் மணிக்கு மணி உடையும். 24 மணி நேரத்துக்குள் பிழிய வேண்டும் என்பது ஆலைக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்பது எல்லாரும் பார்க்கிற காட்சி.

இவ்வளவும் தெரிந்திருந்தும் விவசாயி ஏன் கடைசி வாரம்வரை தண்ணீர் பாய்ச்சுகிறார்? அறியாமை என்று சொல்பவர்கள் விலைச்சீட்டைப் பார்க்கவில்லை. 2025–26 பருவத்துக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த நியாய விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். நூறு கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை தேறினால் அந்த விலை. அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.46 ரூபாய் கூடும். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தேறுமானம் ஆலை முழுவதற்குமான சராசரி. ஒருவர் பயிரைக் காயப்போட்டு, எடையில் சில டன் இழந்து, சர்க்கரையை ஏற்றிக் கொண்டுவந்தாலும், வெட்டுவதற்கு முந்தின நாள் தண்ணீர் கட்டிய பக்கத்து வயல்காரருக்கும் டன்னுக்கு அதே பணம். எடைமேடைக்குத் தண்ணீரும் சர்க்கரையும் ஒன்று. இந்த நிலையில் கடைசி யூரியாவும் கடைசித் தண்ணீரும் கணக்குத் தெரிந்த ஆள் செய்யும் செயல்கள்தான்.

ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு விவசாயியின் கரும்பையும் தனித்தனியாகச் சோதித்து, அதில் எடுக்கக்கூடிய சர்க்கரையின் அளவுக்கே பணம் கொடுக்கிறார்கள். பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்திலும் டன்னில் இருக்கும் மொத்தச் சர்க்கரையின் கிலோவுக்குத்தான் விலை. லாரிப் பாரத்துக்குள் குழாயை இறக்கி மாதிரி எடுக்கும் இயந்திரமும், ஒரு சின்ன ஆய்வுக்கூடமும் இருந்தால் இதைச் செய்யலாம். மண்டியாவிலும் ஈரோட்டிலும் விழுப்புரத்திலும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கும் குரல் உரவிலைப் போராட்டத்தின் அளவுக்கு ஓங்கி ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இப்போதைக்குத் தன் கரும்பின் முதிர்ச்சியைத் தானே கண்ணால் பார்த்து, அதற்கான காசையும் தானே வாங்கும் இடம் இந்த வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலெமனெதான். வெண்டைத்தண்டை நசுக்கிய கொழகொழப்பில் அழுக்கு மேலே திரண்டு வரும். கொஞ்சம் சுண்ணாம்பு சேரும். சாறு பாகாகி 118 டிகிரியைத் தொடும்போது இறக்குவார்கள். முற்றிய கரும்பென்றால் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் வெல்லம் தேறும், அச்சில் ஊற்றியதும் இறுகும். இளங்கரும்பென்றாலோ, கடைசி நேரத்தில் யூரியா தின்ற கரும்பென்றாலோ, உடைந்த சர்க்கரை படிகம் கட்டாது. பாகு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். அப்படிப்பட்ட சரக்கை மண்டியா சந்தையில் வியாபாரி விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிடுவார்.